நீலவரிச் சட்டை

ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனபோது, யூதர்களை அடைத்துக் கொன்ற முகாமொன்றின் நினைவு அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் கைதிகளின் நீலவரிச் சட்டைகள் தொங்கின.

செஞ்சிக்குத் திரும்பியதும் எங்கள் மாதாகோயில் உபதேசியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். ஆண்டுதோறும் தாம் நடத்தும், இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகத்தில், யூதர் வேஷக்காரர்கள்மேல் ஜனங்கள் துப்பும் காட்சியை எடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

ஒத்திகைக்குப் போனேன். காட்சி அப்படியே இருந்தது. யூதர் வேஷக்காரர்கள் புதிதாகத் தைத்த நீலவரிச் சட்டையில் நின்றார்கள்.

"இன்னா உபதேசியாரே, எடுத்துடறேன்னு சொன்னீங்களே?"

"எடுத்தா சனம் சும்மா உடுமா? சட்டையப் பாருப்பா, நீ சொன்ன மாரியே தச்சிருக்குது. நேர்ல பாத்தவன் சொன்னா தப்பாவா இருக்கும்?"

அதன்பின் அந்த முகாமைப் பற்றி ஊரில் யாரிடமும் நான் பேசவில்லை.