ஸ்டேஜ் அண்ணன்

அலுவலகத்தில் அவருக்கு ‘ஸ்டேஜ் அண்ணன்’ என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் அவரை நாடக நடிகர் என்று நினைத்துக்கொள்வார்கள். சங்கதி வேறு. மருத்துவமனைகள் அனுப்பும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, காப்பீட்டுக் கணக்குக்காக நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவர் வேலை. இரத்த அழுத்தமும் நாள்பட்ட சிறுநீரக நோயும் சேர்ந்த குறிப்புகளெல்லாம் அவரிடம்தான் வரும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் எழுதாதவரை, சேர்த்தே எண் போட வேண்டும். சிறுநீரக நோய் எந்த ஸ்டேஜில் இருக்கிறது என்பதற்கு இன்னொரு எண். அதை எழுதாமல் விட்ட டாக்டரை அவர் லேசில் விடமாட்டார். “ஸ்டேஜ் என்னன்னு கேளுங்க” என்று குறிப்பைத் திருப்பிவிடுவார்.

பிறகு எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லாமல் போயிற்று. சாயங்காலம் கடையில் சோப்பு கேட்கும்போது தொண்டை கரகரக்கும். அன்றைக்கு அதுதான் முதல் பேச்சு என்று அப்போதுதான் உறைக்கும்.

கால் வீங்கியபோது அவர் செய்தது செருப்பை மாற்றியதுதான். அடுத்தவர் உடம்பை அக்குவேறு ஆணிவேறாகப் படிக்கிறவர் தன் உடம்பைக் கண்டுகொள்ளவில்லை. புதுச் செருப்பும் இறுக்கத் தொடங்கிய பிறகே டாக்டரம்மாவிடம் போனார். அந்த அம்மா ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்து, சில மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார்.

“ரெண்டு தடவையும் ஒரே மாதிரிதான் வந்திருக்கு. பிரஷரை ரொம்ப நாளா கவனிக்காம விட்டுட்டீங்க. கிட்னியைப் பாதிச்சிருக்கு.”

“ஸ்டேஜ் என்ன மேடம்?” வாய் தானாகக் கேட்டுவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். “மூணு. ஒழுங்கா இருந்தா இதோட நிறுத்தப் பார்க்கலாம். கூட யார் வந்திருக்காங்க? சாப்பாட்டு விஷயம் சொல்லணும்.”

“வெளியில இருக்காங்க. நானே சொல்லிக்கிறேன்” என்றார். வெளியே வந்து, காலியாக இருந்த நாற்காலி வரிசையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

வெளியூரிலிருந்த தங்கைக்குப் போன் போட்டார்.

“என்னண்ணா, விசேஷம்?”

“சும்மாதான்மா.”

“கை வேலையா இருக்கேன்ணா. அப்புறம் கூப்பிடறேன்.”

மறுநாள் சொன்னபடி கூப்பிட்டாள். “நீ சும்மா கூப்பிடற ஆளா? என்ன மறைக்கிற?”

சொன்னார். அவள் குரலைத் தாழ்த்தி, “எனக்கும் பிரஷர் இருக்குண்ணா. வீட்டுல யாருக்கும் தெரியாது” என்றாள்.

“நாளைக்கே கிட்னி டெஸ்ட் எடு. மாப்பிள்ளைகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

முடிவு வரும்வரை தினமும் பேசிக்கொண்டார்கள். சின்ன வயதுக்குப் பிறகு அவ்வளவு பேசியதே இல்லை. அவளுக்குச் சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும், “அப்பாடா” என்று சத்தமாகவே சொன்னார். அதற்கப்புறம் பேச்சு வாரத்துக்கு ஒன்றானது. பிறகு அதுவும் குறைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அவளுக்குக் குடும்பம் இருக்கிறது.

இப்போது உப்புக் குறைத்துத் தானே சமைத்துக்கொள்கிறார். நாக்கு எப்போது பழகும் என்று, அதே பத்தியத்தில் இருக்கும் தங்கையிடம் கேட்கலாமென்று ஒருநாள் போனை எடுத்தார். வேலையாக இருப்பாள் என்று வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.