என் கழுத்துக்குப் பின்னால் இருந்த 'எல்'

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட இது கொஞ்சம் கௌரவம்.

நான் எல் சைஸ். பல வருடங்களாக எல் சைஸ்தான். நான் எழுதும் இந்தப் பத்திக்கு மேலே, மூலையில் இருக்கும் போட்டோவில், கன்னத்தில் விரல் வைத்து எதையோ யோசிப்பதுபோல் ஒருவன் இருக்கிறானே – அவனுக்கு எல் கச்சிதமாக இருந்தது. பிறகு உடம்பு எக்ஸ் எல்லுக்குப் போயிற்று. அங்கே மனசு ஒட்டாமல் டபுள் எக்ஸ் எல்லில் குடியேறிவிட்டது. லேபிள் மட்டும் பழைய விலாசத்திலேயே தங்கிவிட்டது.

அது எப்படி என்கிறீர்களா? திருப்பூரில் இருப்பதன் சௌகரியம். மற்ற ஊர்க்காரர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நடக்க வேண்டும். எங்களுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் காஜா பாய் என் நண்பர். அவரிடம் டபுள் எக்ஸ் எல் டி-ஷர்ட் எடுப்பேன். குடோனில் இருக்கும் மெஷினில், கழுத்தில் இருக்கும் சைஸ் லேபிளைப் பிரித்துவிட்டு, 'எல்' என்று போட்ட ஒன்றை வைத்து ஒரு ஓட்டு ஓட்டித் தருவார். இரண்டு நிமிட வேலை.

முதல் தடவை மட்டும், "யாருங்க இதையெல்லாம் பாக்கப் போறாங்க?" என்று கேட்டார்.

"நான் பார்ப்பேன்" என்றேன்.

அதன்பின் அவர் கேட்டதே இல்லை. நண்பன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இனி வெட்கக்கேட்டின் இரண்டாம் பாகம். இந்த லட்சணத்தில் நான் ஒரு நாவல் வேறு எழுதினேன். இளையோர் நாவல். தலைப்பு, 'என் அளவு எனக்கு'. பிளஸ் டூ படிக்கும் மதுமதி குண்டான பெண். வகுப்பில் கிண்டல் செய்கிறார்கள். கூனிக் குறுகுகிறாள். கடைசியில் மேடை ஏறி, 'என் உடம்பு என்னுடையது' என்று பேசிக் கைதட்டல் வாங்குகிறாள். உன்னை நீ ஏற்றுக்கொள், ஊர் வாயைக் கேட்காதே... நூற்று அறுபது பக்கத்துக்கு உபதேசம். எழுதும்போது என் கழுத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டுமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை காஜா பாய் போன் செய்தார். "சாப்பிட்டாச்சுங்களா" என்று ஆரம்பிக்காமல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்க, அந்தப் பொஸ்தகத்துல என்னத்தை எழுதி வெச்சீங்க?"

நண்பர் என்ற முறையில் நாவலில் இருபது பிரதி வாங்கி, குடோனில் வேலை செய்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தார் மனிதர். பேக்கிங்கில் இருக்கும் ஜெபராணி அம்மா ஒன்றை ஆசையாக மகளுக்கு எடுத்துப் போயிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். மகள் மெர்லினுக்குப் பத்தொன்பது வயது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து, எங்கே குறை என்று கண்டுபிடிக்கும் வேலை. என் நாவலை இரண்டு தடவை படித்தாளாம். படித்ததிலிருந்து மூன்று வாரமாக மத்தியானம் சாப்பிடுவதில்லையாம். வியாழக்கிழமை செக்கிங் மேஜை மேலேயே மயங்கி விழுந்திருக்கிறாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் எழுத்தைப் படித்துத் தூங்கியவர்கள் உண்டு. வீட்டிலேயே உண்டு. படித்துவிட்டு ஒருவர் பட்டினி கிடந்தார் என்று இதுவரை புகார் வந்ததில்லை. அதுவும் எந்தப் புத்தகம்? உடம்பை நேசி என்று சொல்லும் புத்தகம்! அட்டையிலேயே அப்படித்தானே போட்டிருக்கிறது? வேறு யாரோ எழுதியதைப் படித்துவிட்டு என் பெயரைச் சொல்கிறாளோ... மனசு எவ்வளவு சீக்கிரம் வக்கீல் வைத்துக்கொள்கிறது, பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குடோனுக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். பாய் டீயும் பன்னும் வரவழைத்திருந்தார். மெர்லின் ஒரு பெட்டியின் மேல், கைப்பையும் மடியில் என் புத்தகமுமாக உட்கார்ந்திருந்தாள். நல்ல வட்ட முகம். பெரிய உடம்புதான். கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது. டீயைக் குடித்தாள். பன்னைத் தொடவில்லை.

ஜெபராணி அம்மா எழுந்து நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

"ஒங்க புக்கத் தப்பு சொல்லல சார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா இவ சோறு திங்க மாட்டேங்கா. ஏன்ட்டீன்னு கேட்டா ஒங்க புக்கக் காட்டுதா. எனக்கு இவ ஒருத்திதான் சார். நீங்க என்ன எழுதுனீயளோ, அத மாத்திச் சொல்லிட்டுப் போங்க."

என் கண் புத்தகத்தின் மேல் இருந்தது. பக்கங்களுக்கு வெளியே சின்னச் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஏராளம். அவளுக்குப் பிடித்த வரிகள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்தச் சூழ்நிலையிலும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. சொல்லவே கூசுகிறது – ஆனால் உண்மை.

"அத்தனை இடம் பிடிச்சுதா கண்ணு?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "இது டிஃபெக்ட் ஸ்டிக்கருங்க சார்" என்றாள்.

துணியில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, விட்டுப்போன தையலோ இருந்தால் அந்த இடத்தில் ஒட்டும் அம்பு அது. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போயிற்றே!

ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மதுமதி நாற்காலியில் உட்கார்ந்தால் அது 'முனகுகிறது'. பஸ் ஏறினால் அது 'ஒரு பக்கம் சாய்கிறது'. ஏழு இடத்தில் தின்பண்டம். அவளுடைய ஒல்லித் தோழி நூற்று அறுபது பக்கத்தில் ஒரு முறைகூட வாயில் எதையும் போடவில்லை. எல்லாம் நகைச்சுவைக்காகச் சேர்த்தவை. ஊர் கிண்டல் செய்கிறது, நீ கலங்காதே என்று சொல்ல வந்த புத்தகத்தில், ஊரைவிட அதிகமாகக் கிண்டல் செய்திருந்தது நான்தான்.

"இதெல்லாம் மைனருங்க சார். போனாப் போகுதுன்னு விட்டுரலாம்" என்றாள். "மேஜர் ஒண்ணு இருக்குது."

கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.

"மொத சாப்டர்ல நீலச் சுடிதாரு போட்டுப் பாக்கறா. தோளுக்குக் கீழ எறங்கல. அழுவறா. சரிங்களா?"

"சரி."

"கடைசில அதே சுடிதாரைப் போட்டுக்கிட்டுத்தான் மேடையேறிப் பேசறா. கை தட்டறாங்க. சரிங்களா?"

"சரி..."

"நடுவுல எப்பங்க சார் எளைச்சா?"

நான் எட்டி அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படித்தேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை அந்தக் கேள்வி என் மனசில் எழவே இல்லை. நீலச் சுடிதாரை ஒரு வெற்றிக்கொடி மாதிரி கடைசியில் ஏற்றியிருந்தேன். காற்றில் துப்பட்டா வேறு பறக்கவிட்டிருந்தேன். அந்த வரியை எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. பதிப்பாளரும் கலங்கினார். மெய்ப்பு பார்த்தவர் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தார். குண்டாக இருந்த பெண் எங்கே போனாள் என்று எங்களில் ஒருவரும் தேடவில்லை.

"ஒரு வாஷுக்கு ரெண்டு சைஸ் சுருங்கினா அந்த லாட்டு மொத்தத்தையும் ரிஜெக்ட் பண்ணிருவாங்க சார்" என்றாள் மெர்லின், ஏதோ என்னைத் தேற்றுவதுபோல.

அவளே வழியையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தொண்ணூற்று நாலாம் பக்கம். பேச்சுப் பயிற்சி மும்முரத்தில் மதுமதி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தாள் என்று ஒரே ஒரு வரி. அவளுடைய ஆர்வத்தைக் காட்ட, போகிற போக்கில் எழுதியது. எழுதியதே எனக்கு மறந்துவிட்டது. அந்த வரிக்கு நேராக அம்பு இல்லை. பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"அதான் வழியாட்ட இருக்குதுன்னு நெனைச்சேன்" என்றாள்.

காஜா பாய் டீ கிளாஸைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

இளையோர் கதைகள் நிறைய வாசித்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால் எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. பெண் தன்னை ஏற்றுக்கொள்கிறாள் – ஆனால் எப்போது? பரு மறைந்த பிறகு. கண்ணாடி கழன்ற பிறகு. ஒரு பையன் 'நீ அழகு' என்று சான்றிதழ் கொடுத்த பிறகு. இதற்குப் பெயர் சுய ஏற்பா, நுழைவுத் தேர்வா? தேறியவர்கள் மட்டும் தங்களை நேசித்துக்கொள்ளலாம். தேறாதவர்கள் டப்பாவை மூடி வையுங்கள்.

சரி, திடீரென்று ஏன் இந்தப் பட்டினி? மெதுவாகக் கேட்டதில் வந்தது. கம்பெனி ஆண்டு விழாவில் வரவேற்புரை பேச இவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நன்றாகப் பேசுவாளாம். மேடை ஏறுகிறவர்களுக்கெல்லாம் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட். அது எம், எல் – இரண்டே அளவில் வந்திருக்கிறது.

"எங்க கம்பெனில வெளிநாட்டுக்கு ஃபோர் எக்ஸ் எல் வரைக்கும் தெக்கறோங்க சார்" என்றாள்.

முகம் தெரியாத யாரோ ஒரு வெள்ளைக்காரருக்கு அளந்து அளந்து ஃபோர் எக்ஸ் எல் தைக்கிற கம்பெனி. தன் மேஜையில் நிற்கிற பெண்ணுக்கு ஒரு டபுள் எக்ஸ் எல் போடத் தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கு எத்தனையாவது அதிர்ச்சி என்று எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"பெரிசா ஒண்ணு வேணும்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சைஸ் எல்லாருக்கும் தெரிஞ்சுருமே சார்."

இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் எழுத்தாளன் இல்லையா, பிரசங்கம் ஆரம்பித்துவிட்டேன். சைஸ் என்பது வெறும் எழுத்து... அதில் என்ன வெட்கம்... நம்மை நாமே ஒளித்துக்கொள்ளலாமா... நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. உணர்ச்சி வேகத்தில் என் பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

நிமிர்ந்தபோது மெர்லின் என் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லேபிள் வெளியே எட்டிப் பார்த்திருக்கிறது. அவள் கண் தோள் தையலுக்குப் போயிற்று. அங்கிருந்து கைமடிப்பு. அங்கிருந்து... வயிறு.

"சார், இது எல் இல்லீங்க."

காஜா பாய் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தார். ஏற்கெனவே வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"டபுள் எக்ஸ் எல். லேபிள் நூலு வேற கலரு. பிரிச்சுத் தெச்சிருக்குது" என்றாள். குரலில் கேலியே இல்லை. தொழில் தெரிந்தவளின் அக்கறைதான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. "தப்பான லேபிள் மேஜர் டிஃபெக்ட்டுங்க சார். ஒரு பீஸ் மாட்டுனாலும் பூரா லாட்டையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுவாங்க."

பூரா லாட். நாவல், பத்தி, பிரசங்கம்... எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

அந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னேன். எத்தனை வருடமாக, ஏன், எந்த மெஷினில் என்று. சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் அதுவரை இல்லாத ஏதோ வந்தது. சிரிப்புக்கு முந்தின கட்டம்.

"ஐம்பத்திமூணு வயசாகியும் எனக்கே முடியலை கண்ணு" என்றேன். "முடிஞ்ச மாதிரி எழுதிட்டேன். அதுதான் தப்பு."

மெர்லின் கைப்பையிலிருந்து நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்தாள். செக்கிங்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட அதை விட்டுப் பிரிவதில்லை போலும்.

"குனிங்க சார்" என்றாள்.

குனிந்தேன். இரண்டு வெட்டு. கழுத்தில் சிலீரென்று இரும்பு பட்டது. 'எல்' லேபிளை எடுத்து பன் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எவ்வளவு சின்னத் துண்டு அது! நகத்தளவு.

"கடைசி சாப்டரை மாத்துவீங்களா?"

"மாத்தறேன்."

"அந்த நீலச் சுடிதாரை யாருக்காச்சும் குடுத்துரச் சொல்லுங்க. அவளுக்குப் புதுசா ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். அவ சைஸ்ல."

"சரி. டப்பா?"

மெர்லின் பன் தட்டைப் பார்த்தாள். அவள் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரிந்தது.

"டப்பாவைத் தொறந்துரச் சொல்லுங்க" என்றாள். பன்னைப் பிய்த்தாள். ஒரு துண்டு. பிறகு இன்னொன்று. ஜெபராணி அம்மா அப்போதுதான் உட்கார்ந்தார்.

எல்லாம் அன்றே சரியாகிவிட்டது என்று எழுத எனக்குக் கை துறுதுறுக்கிறது. பழக்க தோஷம். அப்படி இல்லை. சில நாள் பாதி டப்பா திரும்பி வந்ததாக ஜெபராணி அம்மா போனில் சொன்னார். ஒரு வாரம் கழித்துத்தான் மெர்லின் சூப்பர்வைசரிடம் போய் டபுள் எக்ஸ் எல் கேட்டிருக்கிறாள். அவர், "அட, மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று சாம்பிள் செக்‌ஷனில் ஒன்று தைக்கச் சொன்னாராம். அதைக் கேள்விப்பட்டதும் இன்னும் நாலு பேர் வந்து கேட்டார்களாம். அதில் இருவர் ஆண்கள்!

போன ஞாயிறு விழா. நன்றாகப் பேசினாள் என்று காஜா பாய் வீடியோ அனுப்பினார். கையில் காகிதம் இல்லை. டி-ஷர்ட் பொருந்தியிருந்தது, அவ்வளவுதான். காற்றில் எதுவும் பறக்கவில்லை.

பெயர்களை மாற்றி இந்தப் பத்தியை எழுதி, அச்சுக்கு அனுப்புமுன் மெர்லினுக்குப் படிக்கக் கொடுத்தேன். ஒரு அம்புக்குறிகூட இல்லாமல் திரும்பி வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. போன் செய்து, "அப்போ பாஸா?" என்றேன்.

"பாஸுங்க சார். ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்" என்றாள். "மேல ஒரு போட்டோ போடறீங்களே... அது எத்தனை வாஷுக்கு முந்தி எடுத்ததுங்க?"