செம்பு ஆணி அட்டை

என் பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. மேலே ‘செம்பு ஆணி’ என்ற தலைப்பு, கீழே என் மச்சினனின் குண்டுக் கையெழுத்தில் நான்கு வரிகள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி அதை எடுத்துக் காட்டுவாள். “எங்க தம்பி எழுதுனது. எத்தினி வருசமாச்சு, இன்னும் எப்டி பாசமா வெச்சிகினு கீறாரு பாரு” என்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானும் தலையாட்டி வைப்பேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பழவேற்காட்டில் படகு கட்டும் பட்டறையொன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். பலகை, இடுக்கு அடைக்கும் பஞ்சு, குங்கிலியப் பிசின் எது எவ்வளவு இருக்கிறது என்பதெல்லாம் என் தலைக்குள். தச்சர்கள் என் ஜன்னலில் வந்து நின்று “ஆணி கீதா அண்ணே?” என்று கேட்பதில் எனக்கொரு சுகம். ஆணி தீர்ந்த பிறகுதான் ஆணி கேட்டுக் கடைக்கு எழுதுவேன். அது வரும்வரை பாதிப் படகு வெயிலில் காயும். அதில் என் தவறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் திட்டப் பிரிவில் இருந்த மச்சினன், வேலை போய் எங்கள் வீட்டில் வந்து தங்கினான். மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் நானே முதலாளி பாயிடம் சொல்லி அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

மீனவர் சங்கம் ஒன்றுக்கு எட்டுப் படகு கட்டித் தர வேண்டியிருந்தது. அவன் முதல் வேலையாகப் படகு தண்ணீரில் இறங்கவேண்டிய தேதியைச் சுவரில் சாக்கட்டியால் எழுதினான். “அந்த நாள்லேர்ந்து பின்னால எண்ணிகினே வரணும் மாமா” என்றான். ஒரு படகுக்கு என்னென்ன வேண்டும், எட்டுக்கு எவ்வளவு, கையிருப்பு போக எவ்வளவு வாங்க வேண்டும், அது வந்துசேர எத்தனை நாள் என்று பொருளுக்கு ஓர் அட்டை போட்டான். மூன்று நாள் என் ஸ்டோரில் தரையில் உட்கார்ந்து எண்ணினான். இரண்டு மூட்டை என்று நான் சொன்ன பஞ்சு அரை மூட்டைதான் இருந்தது. அவன் யாரிடமும் சொல்லாமல் அட்டையில் மட்டும் குறித்துக்கொண்டான். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எனக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. பட்டறை ஆட்களில் பாதிப்பேர் கோட்டைக்குப்பத்துக்காரர்கள். ஏரியில் மீன்பிடிக்கத் தங்கள் முறை, அதாவது பாடு, வந்துவிட்டால் ஒருவரும் சுத்தியலைத் தொட மாட்டார்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவன் இதை மறந்துதான் போவான் என்று காத்திருந்தேன். அவனோ குப்பத்துக்கே போய் யாருக்கு எந்த நாள் பாடு என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. வீட்டிலும் நண்டுக் குழம்பில் பெரிய கொடுக்கு அவன் தட்டுக்குத்தான் போனது. நான் பேச்சை நிறுத்தினேன். மனைவி சிரித்தாள். “அவுரு கோவம் நாலு நாளுதான்டா. அஞ்சாம் நாளு அவரே டீ கேப்பாரு.”

முதலாளி பாய் எல்லார் முன்னாலும் சொன்னார்: “எட்டும் சொன்ன தேதில எறங்கிச்சின்னா மேனேஜர் ரூமு தம்பிக்கு. இல்லாங்காட்டி ஸ்டோர்காரரே, அந்த ரூமுல நீங்களே உக்காந்துக்கோங்க.” பதினான்கு வருடமாக நான் கண் வைத்திருந்த அறை அது. செம்பு ஆணிக்காகச் சென்னைக் கடைக்கு மச்சினன் எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் வேலை என்னிடம் வந்தது. அதை என் மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினேன். ஒரு வாரம் வைத்திருப்பதாகத்தான் எண்ணம். ஐந்தாம் நாள் காலையில் கோபம் வடிந்து பயம் வந்துவிட்டது. ஓடிப்போய்த் தபாலில் சேர்த்தேன். இனிமேல் நேரத்துக்கு வராது என்று பயமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது.

ஆணி அடிக்கவேண்டிய நாளுக்கு முந்தின நாள் காலையில் சென்னையிலிருந்து லாரி வந்து நின்றது. எட்டுப் படகும் சொன்ன தேதியில் இறங்கின. கற்பூரம் காட்டி, மேளம் அடித்து, மச்சினனுக்கு மாலை போட்டார்கள். நானும் கை தட்டினேன். அந்த மாலையை அறுத்து ஏரியில் எறியலாம் போலிருந்தது.

சில வருடம் கழித்துப் பட்டறையை மூடியபோது, பழைய காகிதங்களை எரிக்கும் வேலை எனக்கு. அப்போதுதான் அந்த அட்டை கைக்கு வந்தது. ‘கடையில் தயாராக 10 நாள். லாரி 2 நாள். எண்ணிப் பிரிக்க 1 நாள். மாமா 4 நாள்.’ அவன் திட்டியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை, என்னையும் எண்ணிச் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்துவிட்டான். அதில்கூட அவன்தான் ஜெயித்தான் என்று இன்றும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

போன வாரம் புது மருமகளுக்கு மனைவி அட்டையைக் காட்டினாள். அந்தப் பெண் படித்தவள். வரிவரியாகச் சத்தமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தாள். “கடைசில ‘மாமா நாலு நாள்’னு போட்டுகீதே அத்தை, இன்னா அது?”

நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

“அதுவா? ஆணிக்கு எழுதுன தபால இவரு கைல குடுக்கறதுக்கு முன்னாடி தம்பி வந்து கேட்டான், ‘மாமா எத்தினி நாளு வெச்சிருப்பாரு அக்கா’னு. நாந்தான் நாலுன்னேன்” என்றாள் மனைவி. அட்டையை வாங்கித் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, டீ போடப் போனாள்.