செல்லப்பர் கட்டாத சோலைவரி

சோலைவரி என்னும் வீட்டு வரி கேட்டு வாசலில் நிற்பவனைப் பார்த்து நாய் சும்மா குரைக்கும். வீட்டுக்காரர் காரணத்தோடு குரைப்பார். வரி அறவிட்டே செருப்புத் தேய்ந்த சகோதரர்களே, இது உங்களுக்கு.

சங்கத் தீர்மானம்

வெள்ளவத்தைச் செல்லப்பருக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு வரிசை வீடுகள் வாடகைக்கு இருந்தன. நகரசபைக்கு வரி அறவிடும் நான் போய்க் கேட்டால் பிரசங்கம்தான் கிடைக்கும். கடையில் விற்கும் சாமானுக்கெல்லாம் வரி போட்டு, அந்தப் பணத்தால் சோலைவரியைக் குறைக்க வேண்டுமென்று வீட்டுக்காரர் சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றியிருந்தார். அன்றே சட்டம் வந்துவிட்டதாக எண்ணி, பழைய நிலுவையையும் கட்டாமல் விட்டார். நாட்டை ஆளும் தேசாதிபதி ஒப்பமிடாத எதுவும் சட்டமாகாது என்பதை ரோமர் காலத்திலிருந்து தொடங்கி விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

"தம்பி, வீடு ஒருக்காத்தான் கட்டுறது. சோப்பு நெடுக வாங்குவினம். வாங்குறவன் குடுக்கட்டும்."

சோப்பு விற்பவர்

ட்ராம் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், காசிம் நானாவின் கடையில் இதைச் சொன்னேன். வரி வந்தால் விலை ஏறும். ஏறினால் சண்டைக்கு வருவது செல்லப்பரல்ல, அவருடைய வீடுகளில் குடியிருப்பவர்கள். நானா பருப்பு நிறுப்பதை நிறுத்தினார்.

"அவர்ட ஊட்டு வரிய என்ட பருப்பு கட்டணுமா? நல்லாத்தான் ஈக்கி தொர!"

மேரி அக்காவின் மெசின்

நிலுவை ஏறிப் பறிமுதல் உத்தரவு வந்தது. வரி பாக்கியுள்ள வீட்டில் எந்தச் சாமான் இருந்தாலும் தூக்கலாம்; அது வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டியதில்லை. செல்லப்பரின் நாற்காலிகள் வெள்ளவத்தையில் பத்திரமாக இருந்தன. அகப்பட்டது, அவர் வீட்டில் வாடகைக்கிருந்த மேரி அக்காவின் தையல் மெசின். சட்டை தைத்துத்தான் அவள் சீவியம். என்னோடு வந்த நகரசபை ஆட்கள் மெசினை வாசல்வரை தூக்கிவிட்டார்கள்.

அப்போது இன்னொரு விதியைச் சொன்னேன்: குடியிருப்பவர் வரியைக் கட்டிவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். வரிப் பணத்தைக் காசிம் நானா அவளுக்குக் கடனாகக் கொடுத்தார். மெசின் உள்ளே போனது. நன்றி சொல்வாளென்று நின்றேன்.

"இதை முதலே சொன்னா என்ன? வாய்க்குள்ள கொழுக்கட்டையே வைச்சிருந்தனீங்கள்?"

வாடகை நாள்

மாதம் பிறந்ததும் செல்லப்பர் குடையோடு வந்தார். நான் அடுத்த வாசலில் வேலையிருப்பது போல நின்றேன். மேரி அக்கா தையலை விட்டு எழும்பாமலே வரி கட்டிய பற்றுச்சீட்டை நீட்டினாள். "என்ர வாடகை எங்கை?" என்று கத்தினார் செல்லப்பர்.

"உங்கட வீட்டுக்கு நான் வரி கட்டியிருக்கிறன் ஐயா. இருங்கோ, தேத்தண்ணியும் நானே தாறன்."

வரிப் பாரத்தை அடுத்தவர் தோளுக்கு மாற்றும் அறிவாளிகளை இந்த உத்தியோகத்தில் நிறையக் கண்டேன். அந்தத் தோளுக்கு மேலே ஒரு தலையும் இருக்குமென்று எண்ணியவரை மட்டும் காணவில்லை.