சாரம் திணித்த சாக்ஸபோன்

மகள் கைபேசியில் ஜாஸ் சாக்ஸபோன் இசை ஒன்றைச் சத்தமாகப் போட்டாள். திருகோணமலைத் துறைமுகத்தடியில், இப்போது இல்லாத எங்கள் வீட்டுக் குசினியில், ஊரடங்கு மாலைகளில் அப்பா தன் சாக்ஸபோனின் அகன்ற வாய்க்குள், உடுத்துப் பழசான சாரத்தைத் திணித்து ஊதுவதும், பித்தளையும் எச்சிலும் கலந்து அந்தச் சாரத்தில் மணப்பதும் நினைவில் எழுந்தன.

"மெல்ல ஊதுங்கோ, ரோந்து வருகுது" என்பார் அம்மா.

உடனே நிறுத்திவிட்டு, தனக்குப் பிடித்த சாக்ஸபோன் வாசிப்பாளரைக் கசெற்றில் தணிவாகப் போடுவார் அப்பா. "கேள் பிள்ளை, சுரத்துக்கு முதல் மனிசன்ர மூச்சு கேக்குது. அதுதான் எனக்கு விருப்பம்."

அப்பா ஊதியதில் மூச்சுத்தான் அதிகம் கேட்டது. அந்த வாத்தியமே அப்படித்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

"ஏனம்மா யன்னலைச் சாத்துறீங்கள்?" என்றாள் மகள்.

அப்போதுதான் என் கை கொக்கியில் இருப்பதைக் கண்டேன்.