வடக்குச் சரிவின் மேல்மண்

அலுவலகத்தில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொன்னதில்லை, ஆனால் அவள் காதில் விழாமலும் இல்லை. பதினாறு வருடமாக நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறி இறங்குகிறாள். தோண்டிய குழியை மூடி, ஒதுக்கி வைத்த மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, மரம் நட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. இல்லையென்றால் நோட்டீஸ். ஆரம்பத்தில் கோபம் வந்தது. அது எப்போது நின்றுபோனது என்று அவளுக்கே தெரியாது.

அன்று வடக்குச் சரிவில் நாலாயிரம் கன்றுகள் நட்டிருப்பதாகச் சுரங்க மேலாளர் கூட்டிப்போய்க் காட்டினார். வரிசை பிசகாமல் பச்சைப்பசேல் என்று நின்றன. அவள் குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடியில் கத்தியால் சீவிய வெட்டு.

“வெயில் ஜாஸ்தி மேடம். வேர் காஞ்சிருக்கும்” என்றார் மேலாளர்.

“காயறதுக்கு வேர் இருக்கணுமே சார்.”

கிளையை வெட்டி நட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் நாற்பதைப் பிடுங்கிப் போட்டு, படம் எடுத்துக்கொண்டாள். மேலாளர் குடையை அவள் தலைக்கு மேல் பிடித்தபடியே கூட வந்தார். அதை வேண்டாம் என்று சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மறுவாரம் உத்தரவு போயிற்று: வடக்குச் சரிவில் முழங்கை ஆழத்துக்கு மேல்மண் போட்டு, உயிருள்ள கன்றுகளை நடும்வரை நிலக்கரி எடுக்கக் கூடாது.

அந்தச் சுரங்கத்தில்தான் அவள் தம்பி டிப்பர் லாரி ஓட்டினான். இதை ஆரம்பத்திலேயே மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். வேறு ஆள் இல்லை, நீயே பார் என்று சொல்லிவிட்டார். தம்பி குடும்பம் அவள் வீட்டு மாடியில்தான் இருந்தது. சாயங்காலம் அவன் கீழே வந்து உட்கார்ந்தான்.

“வண்டியெல்லாம் நிறுத்திட்டாங்க.”

“தெரியும்.”

“நீதான் எழுதினியாமே.”

“ஆமா. சாப்பிட்டியா?”

“உனக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?”

யோசித்துப் பார்த்தாள். “இல்லடா” என்றாள். பொய் சொல்லவில்லை. அதற்குப் பிறகு தம்பி பெண்டாட்டி கீழே வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்றரை மாதம் கழித்துக் கம்பெனி இறங்கி வந்தது. லாரிகள் இப்போது மண் அடித்தன. அவள் நீளமான இரும்புக் கம்பியோடு சரிவில் நின்று, கொட்டிய இடமெல்லாம் குத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு குவியலில் கம்பி ‘ணங்’ என்று நின்றது. கிளறினால் உள்ளே கல்லும் கரித்தூளும். மேலே மட்டும் ஒரு சாண் நல்ல மண்.

நிமிர்ந்தாள். அதைக் கொட்டிய வண்டியில் தம்பி இருந்தான்.

“இது மேல்மண் இல்ல. திருப்பி எடுத்துட்டுப் போ.”

“ஏத்தி விட்டதைக் கொண்டாந்தேன். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“நீ ஏத்தினன்னு நான் சொல்லலையே. எடுத்துட்டுப் போ.”

மண் அள்ளும் இயந்திரம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் இறங்கவில்லை, அவளும் நகரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. குவியலை மறுபடி ஏற்றியதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். குறிப்பேட்டில் வண்டி எண்ணையும் நேரத்தையும் எழுதினாள்.

அடுத்த மாதம் தம்பி வேறு ஊரில் ஒரு கல்குவாரிக்கு வேலை மாறிப்போனான். சாவியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, “வரேங்க்கா” என்றான். பாத்திரச் சாக்கை அவள்தான் தூக்கிக் கொடுத்தாள்.

ஒரு மழைக்காலம் கழிந்து வடக்குச் சரிவுக்கு ஒப்புதல் கொடுத்தாள். நாலாயிரத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பிழைத்திருந்தன. பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. நல்ல வேலைதான். சந்தோஷப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பில் அப்பிய சேற்றைத் தட்டிக்கொண்டு, தெற்குச் சரிவைப் பார்க்க நடந்தாள்.