வாசல் பார்த்துப் பிடித்த ரூம்

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ரூம் தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றே ஒன்றுதான். சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்பின் தெரியாத ஆட்டோக்காரரைக் கூட்டிப் போனாலும் அவர் ரூமைப் பார்ப்பார். சொந்தக்காரர்கள் திசையைப் பார்ப்பார்கள். பலர் கூடினால் பாம்பு சாகாது என்று சொல்வார்கள். எங்கள் கதையில் பாம்பை டாக்டர் ஏற்கெனவே அடித்துப் போட்டிருந்தார். எங்கள் கும்பல் அதற்குப் பால் ஊற்றி எழுப்பி உட்கார வைத்தது.

போன அறுவடையின்போது என் வீட்டுக்காரர் மானாம்பதி ரோட்டில் வண்டியோடு விழுந்தார். ரோட்டில் யாரோ நெல் காயப்போட்டிருந்தார்கள். தார் ரோட்டைக் களமாக நினைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓரத்தில் நாலு கல்லை வைத்துவிட்டால் பாதி ரோடு பட்டா நிலம் ஆகிவிடும். இவரும் வருஷா வருஷம் அதே ரோட்டில் காயப்போடுகிறவர்தான். அதனால் விழுந்த இடத்தில் யாரையும் வாய் நிறையத் திட்டக்கூட அவருக்கு வழியில்லாமல் போயிற்று. நெல்மேல் டயர் வழுக்கி, வலது கால் வண்டிக்கு அடியில் மாட்டி, முட்டிக்குக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

சென்னைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமாகப் பேசினார்.

"பிளேட் வச்சு ஸ்குரூ போட்டிருக்கோம்மா. நான் சொல்ற வரைக்கும் அந்தக் காலைத் தரையில ஊனக் கூடாது. ஆனா முட்டியை இப்பவே மடக்கிப் பழக்கணும். தினம் பிசியோவுக்குக் கூட்டிட்டு வாங்க. விட்டுட்டீங்கன்னா கால் கட்டை மாதிரி நின்னுடும்."

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மாட்டுக்கு அடியில் குந்திப் பால் கறப்பவர், டிராக்டரில் ஏறிக் கிளட்ச் மிதிப்பவர், சேற்றில் இறங்கி வரப்பு ஏறுபவர். முட்டி மடங்காவிட்டால் இதில் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரோ உத்திரமேரூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் வரும், வரலாம் என்று அதற்குத் தோன்றினால். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் எடுத்துத் தங்குவது என்று முடிவாயிற்று.

அந்தத் தெருவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கோழிக்கூண்டுக்கும் அங்கே 'ரெசிடென்சி' என்றுதான் பெயர். "ஜன்னல் இருக்கா?" என்று ஒருவரைக் கேட்டேன். "ஃபேன் கீதும்மா" என்றார். "தண்ணி வருமா?" என்று இன்னொருவரைக் கேட்டேன். "வரும்மா, வராம இன்னா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். உடம்பு சரியில்லாதவன் பக்கத்தில் இருப்பவனுக்குத் தேர்ந்தெடுக்கத் தெம்பு இருக்காது என்பதை அந்தத் தெரு நன்றாகப் படித்து வைத்திருந்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு ரூம் கிடைத்தது. ஆஸ்பத்திரி கேட்டுக்கு நேர் எதிரே, தரைத்தளம். வாசலில் படி கிடையாது, சிமெண்டில் சரிவு போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியைத் தள்ளினால் கட்டில் வரைக்கும் போகும். வெஸ்டர்ன் கக்கூஸ், பக்கத்தில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி. ஓரமாக அடுப்பு வைத்துக்கொள்ள மேடை. கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

"இது எப்பவும் காலியாத்தான் கீதும்மா, எடுத்துக்கோ" என்றார் வீட்டுக்காரம்மா. இவ்வளவு நல்ல ரூம் ஏன் எப்போதும் காலியாக இருக்கிறது என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது.

என் கூட வந்தவர்கள் என் நாத்தனாரும் அவருடைய வீட்டுக்காரரும். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவர் வீட்டுக்காரர் செல்போனில் திசைகாட்டி வைத்திருப்பவர். ஊரில் யார் மாட்டுக்கொட்டகை போட்டாலும் அந்தப் போன்தான் போய் முதலில் நிற்கும். அதை உள்ளங்கையில் படுக்க வைத்து, ஆரத்தித் தட்டு ஏந்தியவர் மாதிரி ரூமுக்குள் ஒரு சுற்று சுற்றினார்.

"தெக்கு" என்றார்.

நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தெக்கு வாசலா? ஆபரேஷன் பண்ண ஆள எமன் மூஞ்சிக்கு நேராவா படுக்க வெப்பாங்க? அதுவும் எதுர்லயே ஆம்புலன்ஸு நிக்குது. இன்னாடி நெனச்சிக்கினு கீற நீ?"

"அண்ணி, கால ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கீறாரு. கீழ் ரூமுதான் தோது."

"டாக்டரு காலத்தான் பாப்பாரு. ஆயுச யாரு பாக்கறது? சாத்திரம் பாக்காத வூடு சமுத்திரம்னு சும்மாவா சொன்னாங்க?"

வீட்டுக்காரம்மா குறுக்கே வந்தார். "யம்மா, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க வாசலப் பாக்கக் கூடாது, கக்கூஸப் பாக்கணும்." நான் சேர்த்து வைத்திருக்கும் சொலவடைகளில் அதற்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறேன். நாத்தனார் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த உத்திரமேரூர் எங்கள் பக்கம்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் பீற்றிக்கொள்வோம். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு ரூமைத் தேர்ந்தெடுத்த லட்சணம் இது. வார்டில் படுத்திருந்தவருக்கு நாத்தனார் போன் போட்டார். உடைந்த கால் அவருடையது, அவராவது புத்தியாகப் பேசுவார் என்று நான் நம்பினேன். "அக்கா சொல்றாப்ல செய்யி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தச் சகோதரபாசத்தை என்னவென்று சொல்வது! மயக்க மருந்தே தேவலாம்.

அதே கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் கிழக்குப் பார்த்த போர்ஷன் ஒன்று இருந்தது. பக்கவாட்டில் குறுகலான மாடிப்படி. லிப்ட் இல்லை. குந்தி உட்காருகிற கக்கூஸ். அதைத்தான் பிடித்தார்கள். சும்மாவும் பிடிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சினார்கள். கொஞ்ச நாள் தங்குகிற வாடகை ரூமுக்குப் பால் காய்ச்சிய குடும்பம் அந்தத் தெரு சரித்திரத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அடுப்பைத் துடைத்தவள் நான்.

டிஸ்சார்ஜ் அன்று ஊரிலிருந்து நாலு ஆண்கள் வந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, நீட்டிய காலை ஒருவன் பிடித்துக்கொள்ள, மாடி ஏற்றினார்கள். முதல் திருப்பத்தில் முன்னால் போனவன் "தூக்கு" என்றான், பின்னால் வந்தவன் "எறக்கு" என்றான். கால் கைப்பிடிச் சுவரில் இடித்தது. அவர் போட்ட கத்தலில் கீழே டீக்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"பயப்படாதண்ணா, சாமி தூக்கின தோளு இது" என்றான் ஒருவன்.

"சாமிக்கு வலிக்காதுடா!" என்றார் இவர்.

மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நாலு தோள்களும் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டன. தினமும் பிசியோவுக்கு யார் இறக்குவது, யார் ஏற்றுவது என்று எந்தத் தோளும் கேட்கவில்லை. சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், செய்கிறவனுக்குத் தலைச்சுமை.

அப்புறம் ஆரம்பித்தது தரிசனம். எங்கள் பக்கத்தில் நோயாளியை வந்து பார்க்காவிட்டால் அது சாவுக்கு வராததைவிடப் பெரிய குற்றம். வேன் பிடித்து வந்தார்கள். சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் ஜன்னலை மறைக்கிற உயரத்துக்கு நின்றன. வந்தவர்களுக்கு நாஷ்டா செய்துபோட்டே என் கை ஓய்ந்தது. முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று ஒருவர் கேட்டிருப்பாரா? "காத்து நல்லா வருது" என்றார்கள். "வாசல் அம்சமா கீது" என்றார்கள். திசைகாட்டிப் போன் கையில் இருந்தவர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முறை சுற்றிக் காட்டினார்.

பிசியோவுக்குப் போக முடியாததால், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தபடி நானே மடக்கிப் பார்த்தேன். குதிகாலைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். தள்ளியதும் அவர் கத்துவார். அவர் கத்தியதும், கூடவே தங்கியிருந்த நாத்தனார் ஓடி வருவார்.

"வுடுடி அத! கூடற எலும்ப அசைச்சா எப்டிக் கூடும்? அவன் கத்தறான், நீ இன்னா கல்லா?"

முட்டிக்கு அடியில் தலையணையை அண்டக் கொடுத்து, மேலே போர்த்தி, குழந்தையைத் தூங்க வைப்பது போல அந்தக் காலைத் தூங்க வைத்தார். பாசம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. மாட்டுக்குப் பாசத்தில் அரிசியை அள்ளிப் போட்டு வயிறு ஊத வைக்கிறவர்களும் உண்டு.

டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்ன நாள் வந்தது. அதற்குள் நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் மாடுகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தார்கள். டீக்கடைக்காரரும் இன்னும் மூன்று புண்ணியவான்களும் அவரை இறக்கி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் காலைத் தொட்டு மடக்கினார். துருப்பிடித்த கீல் மாதிரி கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது. டாக்டர் முகத்தில் இருந்த நிதானம் போய்விட்டது.

"பிசியோவுக்கு ஏன் வரலை? எங்க தங்கியிருக்கீங்க?"

"எதுர்லதான் சார். ரெண்டாவது மாடி. கெழக்குப் பாத்த வாசல்" என்றார் இவர், பெருமையாக.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த எலும்புக்கூடு படத்தைப் பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பேன். மடங்கலைன்னா மறுபடி மயக்கம் குடுத்து, படுக்க வச்சு நாங்க மடக்கணும். அப்பவும் முழுசா வரும்னு சொல்ல முடியாது."

வெளியே வந்து கொஞ்ச தூரம் தள்ளிய பிறகு, அவர் "டிராக்டர வித்துடலாமா?" என்று கேட்டார். ரோட்டைத் தாண்டியதும் மாடிப்படிப் பக்கம் திரும்பாமல், நாற்காலியை நேராகச் சிமெண்டுச் சரிவில் ஏற்றினேன்.

"இந்தா, எங்க போற?"

"ரூமுக்கு."

"ரூமு மாடில கீது."

"உங்க காலு கீழ கீது."

சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தெக்கு வாசல்டி. அக்கா இன்னா சொல்லும்?"

"எமன் வரணும்னா ரெண்டு மாடி ஏற மாட்டாரா? அவருக்கு முட்டி நல்லாத்தான் கீது."

வீட்டுக்காரம்மா சாவியை எடுத்துக்கொண்டு சிரித்தபடியே வந்தார். இவர் சிரிக்கவில்லை. ஆனால் சக்கரத்திலிருந்து கையை எடுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து காலையிலும் மாலையிலும் ரோட்டைத் தாண்டினோம். பிசியோ செய்யும் பெண்ணுக்கு எங்களுக்கு மகளாகிற வயசுதான் இருக்கும். "ஐயா, என்னைத் திட்டறதுன்னா திட்டுங்க, காலை மட்டும் விறைக்காதீங்க" என்பாள். அவர் அடங்காத காளையைத் திட்டுகிற வார்த்தைகளையெல்லாம் திட்டினார். அவள் அசரவில்லை. ரூமிலும் வேலை உண்டு. கட்டில் விளிம்பில் உட்கார வைத்தால் அந்தக் கால் நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். வீட்டுக்காரம்மாவிடம் செங்கல் வாங்கி அடுக்கி, குதிகாலை அதன்மேல் வைக்கச் சொன்னேன். வலி பழகியதும் ஒரு கல்லை உருவுவேன். "பாவி, இன்னொரு கல்லா?" என்பார். பாவிதான். கத்துகிறவர் கத்தட்டும் என்று விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பாவிதான் வேண்டியிருக்கிறது, நல்லவர்களால் முடிவதில்லை.

தரிசனக் கூட்டம் அதோடு நின்றுபோனது. வேன் வரவில்லை. தெற்கு வாசல் செய்த முதல் நன்மை அது.

ஒரு நாள் வெயில் ஏறிய நேரத்தில் நாத்தனார் மட்டும் வந்தார். செய்தி ஊருக்குப் போயிருந்தது. சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் கூடையோடு நின்றுவிட்டார்.

"டேய் தம்பி, வெளிய வாடா. உன்னப் பாக்கணும்."

"உள்ள வாக்கா."

"நான் இந்த வாசல்ல கால வெக்க மாட்டேன்."

"வெயில்ல நிக்காதீங்க அண்ணி" என்றேன்.

"நீ பேசாத. உன் ராஜ்ஜியம் நடத்திக்கினு கீற, நடத்து."

அக்காவை வெயிலில் நிற்க வைத்துவிட்டுப் படுத்திருக்க இவருக்கு மனசு வரவில்லை. வாக்கரைக் கேட்டார். வலது காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலால் எட்டு வைத்து எட்டு வைத்து, யார் கையையும் பிடிக்காமல் வாசல் வரைக்கும் போனார். நான் பின்னாலேயே நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வலது கால் தன்னாலேயே கீழே இறங்கி, இடது காலுக்குப் பக்கத்தில் பாதம் பாரம் ஏறாமல் தரையைத் தொட்டு நின்றது. அடியில் கல் இல்லை. நானும் அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாத்தனாரும் பார்த்தார்.

"மடங்குதேடா" என்றார்.

"மடங்குதுக்கா."

"வலிக்குதா?"

"உயிர் போவுது."

சரிவில் ஏறி வந்து, இரண்டு காலையும் வாசலுக்கு வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, உடம்பை மட்டும் உள்ளே வளைத்து, கையை நீட்டி அந்த முட்டியைத் தொட்டார். தடவிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியிருந்தது. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரூமுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எப்டியோ போ. வடக்கால மட்டும் தல வெச்சிப் படுத்துக்காதடா."

கட்டில் வடக்கே தலைமாடு வைத்துத்தான் கிடந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டீ வைக்கப் போனேன்.